ஒன்பதாம் கட்டில் மணி

பிளாஸ்க்கின் உள்ளே படிந்த பால் கறையை எடுக்க ஒரு பிடி அரிசியும் கொஞ்சம் வெந்நீரும் போதும். மூடிவிட்டு நன்றாகக் குலுக்க வேண்டும். சோப்புப் போட்டால் வாடை நிற்கும். பிறகு நோயாளி அதில் ஊற்றிய கஞ்சியைக் குடிக்க மாட்டார். ஆண்கள் வார்டில் பன்னிரண்டு கட்டில், பன்னிரண்டு பிளாஸ்க். ஐந்து வருடமாகத் தினமும் காலையில் அவற்றை நான்தான் கழுவினேன். யாரும் என்னைக் கழுவச் சொல்லவில்லை. இதை முதலில் எழுதக் காரணம், நான் அக்கறை இல்லாத வேலைக்காரன் என்று உங்கள் அறிக்கையில் வந்துவிடக் கூடாது.

என் பெயர் மாறன். ஊர் கீழ்பென்னாத்தூர். பி.எஸ்ஸி. வேதியியலை இரண்டாம் வருடத்தோடு நிறுத்திவிட்டேன். ஏன் நிறுத்தினேன் என்பது இந்த வழக்குக்குத் தேவையில்லை. அதன் பிறகு நான்கு வருடம் ஒரு அரிசி ஆலையில் நைட் ஷிஃப்ட். அதையும் விட்டுவிட்டு 1994இல், செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் இந்த டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் வார்டு பாயாகச் சேர்ந்தேன். காலை ஏழிலிருந்து மாலை ஏழு வரை என் டியூட்டி. ஆலையின் இரைச்சலுக்குப் பிறகு ஆஸ்பத்திரியின் அமைதி எனக்குப் பிடித்திருந்தது. நோயாளிகள் மட்டும் இல்லையென்றால் அது இன்னும் நல்ல இடம்.

சென்ற வருடம், அதாவது 1998இல், நிர்வாகியாக ராமகிருஷ்ணன் சார் வந்தார். ராணுவத்தில் இருந்தவர். அதுவரை ஒரு நோயாளிக்கு மூன்று பேர் கூடத் தங்குவார்கள். கட்டிலுக்கு அடியில் பாய், பாய்க்குப் பக்கத்தில் தூக்குவாளி. சார் வந்த முதல் மாதமே எல்லோரையும் வெளியே அனுப்பினார். இனி வார்டில் நோயாளி மட்டும்தான். கூட ஆள் இல்லாவிட்டால் நோயாளி எப்படிக் கூப்பிடுவான் என்று சிஸ்டர் ஜோதியம்மாள் கேட்டார். சார் அன்று மாலையே அண்ணாமலையார் கோயிலைச் சுற்றியுள்ள பாத்திரக் கடைகளில் ஒன்றிலிருந்து பன்னிரண்டு பூஜை மணிகள் வாங்கி வந்தார். கைப்பிடியின் உச்சியில் நந்தி உட்கார்ந்திருக்கும் பித்தளை மணி. கட்டிலுக்கு ஒன்று.

கூடவே ஒரு படிவமும் அச்சடித்தார். நோயாளியின் அனுபவம் என்று தலைப்பு. ஐந்து கேள்விகள். வீட்டுக்குப் போகும்போது ஒவ்வொருவரிடமும் கேட்டு நிரப்ப வேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்காக எழுதும் வேலை எனக்கு வந்தது. என் கையெழுத்து நன்றாக இருக்கும். அவர்கள் சொல்வதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுத வேண்டும் என்று சார் சொன்னார். அப்படியே எழுதினேன். மூன்றாவது கேள்வி இது: ‘மணி அடித்ததும் ஆள் வந்தார்களா?’

முதல் மாதம் வந்த பதில்கள் இரண்டே வகை. ஒன்று, அடித்தும் யாரும் வரவில்லை. இரண்டு, நாள் முழுக்கப் பக்கத்துக் கட்டிலில் மணி, கண்ணை மூட முடியவில்லை. இரண்டுமே உண்மை. பன்னிரண்டு மணி, ஒரு சிஸ்டர், ஒரு வார்டு பாய். மாதக் கூட்டத்தில் சார் இதையெல்லாம் உரக்கப் படித்துவிட்டு என்னைப் பார்ப்பார்.

மூன்றாம் கட்டிலில் பலராமன் என்று ஒரு பஸ் கண்டக்டர் இருந்தார். கால் முறிவு. பஸ்ஸில் விசில் ஊதிய பழக்கமோ என்னவோ, கை மணியை விட்டு நகராது. ஃபேனைக் கூட்டச் சொல்லி ஒரு மணி, குறைக்கச் சொல்லி ஒரு மணி. ஒருநாள் மத்தியானம் அவர் தூங்கும்போது மணியை எடுத்து, எலெக்ட்ரீஷியனின் குறடால் உள்ளே இருந்த வளையத்தை விரித்தேன். மணியின் நாக்கு என் உள்ளங்கையில் விழுந்தது. சின்னப் பட்டாணி அளவு. மணியைத் துடைத்து இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

எழுந்ததும் ஆட்டிப் பார்த்தார். திரும்பவும் ஆட்டினார். அரை மணி நேரம் கழித்து நான் தற்செயலாக அந்தப் பக்கம் போனேன்.

“இன்னா தம்பி, மணி சத்தமே வரமாட்டேங்குது?”

“வருதே அண்ணே. நீங்க சாப்பிடற மருந்துக்குக் காது கொஞ்சம் மந்தமா இருக்கும். போகப் போகச் சரியாயிடும்.”

“அப்ப உனக்குக் கேட்டுச்சா?”

“கேட்டுத்தான் வந்தேன்.”

நம்பிவிட்டார். எல்லோருமே நம்பினார்கள். ஒருவர்கூட மணியைக் கவிழ்த்து உள்ளே பார்க்கவில்லை. அதற்கும் காரணம் இருக்கிறது. இங்கே வருபவர்கள் சுற்றுப்பட்டுக் கிராமத்து ஆட்கள். அந்த மணியை எடுத்ததும் முதலில் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். நந்தியைத் தலைகீழாகப் பிடிக்க அவர்களுக்கு மனம் வராது.

அதன் பிறகு அதிகம் அடிப்பவர்களின் மணியை மட்டும் மாற்றினேன். எப்போதும் நான்கைந்து மணிகள் நாக்கில்லாமல் இருக்கும். கட்டிலுக்குக் கட்டில் மாறும். இதில் நான் நியாயமாக நடந்துகொண்டேன். ஒரு நாளில் பத்துத் தடவைக்குக் கம்மியாக அடித்தவர் யாருக்கும் அதைக் கொடுத்ததில்லை.

சில சங்கடங்கள் வந்தன. ஒருவர் காலையிலிருந்து மத்தியானம் வரை நனைந்த துணியிலேயே கிடந்து முதுகில் புண் வந்தது. ஒருவருக்கு டிரிப் ஊசி விலகிக் கை பூசணிக்காய் மாதிரி வீங்கியது. எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் தானாக எழுந்து கக்கூசுக்குப் போகப் பார்த்து, விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று சுவரில் போர்டே இருக்கிறது.

ஆனால் படிவங்களை எடுத்துப் பாருங்கள். மூன்றாவது கேள்விக்கு அவர்கள் சொன்ன பதில் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ‘நான் சரியா அடிக்கல போல.’ ‘எனக்குக் கையில வலு இல்ல, அவங்களைச் சொல்லிக் குத்தமில்ல.’ ‘கூப்பிடற அளவுக்கு ஒண்ணும் இல்லீங்க.’ இடுப்பு உடைந்த பெரியவர், ‘எம் மேலதான் தப்பு’ என்று சொல்லிக் கைநாட்டு வைத்தார். நான் ஒரு எழுத்தும் மாற்றவில்லை. மூன்று மாதத்தில் புகார் நின்றுவிட்டது. பொங்கலுக்கு ராமகிருஷ்ணன் சார் எல்லோர் முன்னாலும் எனக்குச் சால்வை போர்த்தினார். “ஒழுங்குன்னா இதுதான்” என்று சொன்னார்.

இனி ஆதிமூலம்.

வயது அறுபத்தைந்து இருக்கும். அடி அண்ணாமலைக்காரர். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிர் வைப்பவர். அவர் மனைவி வெள்ளையம்மாள் பௌர்ணமிதோறும் கிரிவலப் பாதையில் வேகவைத்த மல்லாட்டை விற்பார். ஆதிமூலத்துக்கு மூத்திரப் பைக்கு அடியில் சதை வளர்ந்து வழியை அடைத்திருந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் பரிசோதனைக்காக எட்டு நாள் ஒன்பதாம் கட்டிலில் இருந்தார். கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை அவருக்கு முட்டும். வந்தால் சொட்டுத்தான் வரும். மணி அடிப்பார், நான் பாட்டில் எடுத்துக்கொண்டு ஓடுவேன், ஒன்றும் வராது, திரும்புவேன், மணி அடிப்பார்.

இரண்டாவது நாள் நான் வேடிக்கையாகத்தான் கேட்டேன். “பெரியவரே, அண்ணாமலையாருக்கே ஒரு நாளைக்கு ஆறு வேளதான் மணி. உங்களுக்கு இன்னா, அறுபது வேளயா?”

“அவருக்கு மூத்திரம் முட்டலயே தம்பி” என்றார்.

வார்டு முழுவதும் சிரித்தது. பாண்டேஜ் போட்டவன், தையல் போட்டவன் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஜோதியம்மாள் சிஸ்டர் சிரித்துச் சிரித்து மேசையில் தலையைச் சாய்த்துவிட்டார். என் கையில் காலி பாட்டில் இருந்தது. நானும் சிரித்தேன். அதன் பிறகு அவர் மணி அடித்தாலே யாராவது ஒருவர், “மாறா, சாமிக்கு முட்டுதாம், ஓடு” என்பார்கள். இதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்பவன் அல்ல. நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

அவர் மணியை அப்போதே மாற்றியிருக்கலாம். மாற்ற முடியாமல் போனதற்கு அந்த அம்மாதான் காரணம். வந்த அன்றே வெள்ளையம்மாள் என்னிடம் கெஞ்சினார்.

“தம்பி, நான் ஒரு ஓரமா உக்காந்துக்கறேன். உங்களுக்கு ஒரு தொந்தரவும் குடுக்க மாட்டேன்.”

“ரூல்ஸ் கிடையாதும்மா. அதான் மணி குடுத்திருக்கோமே. அடிச்சா நாங்க ஓடியாருவோம்.”

“அந்த மணி சத்தம் வெளிய எனக்குக் கேக்குமா?”

“நல்லா கேக்கும்.”

ஒன்பதாம் கட்டிலை ஒட்டி மலையைப் பார்த்த ஜன்னல் இருக்கிறது. கொசுவலை அடித்த, கொஞ்சம் உயரமான ஜன்னல். அதற்கு நேர் கீழே, வெளியில், தண்ணீர்த் தொட்டி ஓரமாக ஒரு கோணியை விரித்து உட்கார்ந்துகொண்டார். அவருக்கு உண்மையிலேயே கேட்டது. மணி அடித்தால் வாட்ச்மேனைத் தள்ளிக்கொண்டு எனக்கு முன்னால் வார்டுக்குள் வந்து நிற்பார். நாலைந்து தடவை இப்படி நடந்தது. மணிச் சத்தம் நின்றால் முதலில் சந்தேகப்படுவது அவராகத்தான் இருக்கும். கடைசித் தடவை ராமகிருஷ்ணன் சார் பார்த்துவிட்டார். அந்த அம்மாவை ஒன்றும் சொல்லவில்லை. என்னைத்தான் பன்னிரண்டு கட்டிலுக்கும் கேட்கும்படி திட்டினார்: “ஒரு கெழவியத் தடுக்கத் துப்பில்ல. இதுல ரெண்டு வருசம் காலேஜ் வேற.”

ஆதிமூலம் எனக்காகப் பரிந்து பேசினார். “அவன் இன்னா சார் பண்ணுவான் பாவம். பாட்டில் தூக்கவே அவனுக்கு நேரம் செரியாப் போவுது.” மறுபடி சிரித்தார்கள்.

ஆபரேஷன், கார்த்திகை தீபத்துக்கு முந்தின நாள் நடந்தது. தீபத்தன்று ரோடுகளை அடைத்துவிடுவார்கள், ஊருக்குள் வண்டி நுழையாது. அதனால் டாக்டர் வீரேந்திரன் காலையிலேயே முடித்துவிட்டு வேலூருக்குப் புறப்பட்டார். போகும் முன் சிஸ்டரையும் என்னையும் கட்டிலருகே கூப்பிட்டு டியூப்பைக் காட்டினார். பையில் வருவது வெளிர் சிவப்பாக இருந்தால் பயமில்லை. கெட்டிச் சிவப்பானாலோ, வருவது நின்றுபோனாலோ, உடனே சலைன் விட்டுக் கழுவ வேண்டும், ஒரு நிமிடம் தாமதிக்கக் கூடாது என்றார். “பேஷன்ட் மணி அடிப்பாரு. அடிச்சா விடாதீங்க.”

ஆதிமூலம் மயக்கத்தில் இருந்தபோது மணியை மாற்றினேன். கையில் நானே வைத்துவிட்டு, விரல்களை மூடினேன். ஆபரேஷன் ஆனவர்களை மூன்று நாள் யாரும் பார்க்கக் கூடாது என்பது விதி. ஜன்னலுக்குக் கீழே இருந்த அம்மாவிடம், “சத்தம் போட்டீங்கன்னா கேட்டுக்கு வெளிய அனுப்பிடுவாங்க. மணி அடிக்காத வரைக்கும் அவரு நல்லா இருக்காருன்னு அர்த்தம்” என்று சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினார்.

மறுநாள் காலையில் ஆதிமூலம் என் சட்டை நுனியைப் பிடித்தார்.

“தம்பி, மணி கேக்கல.”

“மயக்க மருந்து பெரியவரே. காது மந்தமா இருக்கும்.”

“எனக்கு மந்தம். அவளுக்குமா? அடிச்சா ஓடியாருவாளே.”

“அவங்க வீட்டுக்குப் போயிட்டாங்க. நாளைக்குத்தான் வருவாங்க.”

இது பொய்தான். ஆனால் வாயால் சொன்னது. எழுத்தில் நான் ஒரு பொய்யும் சொன்னதில்லை.

சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் ஆஸ்பத்திரி மாடிக்குக் கிளம்பியது. ஆறு மணிக்கு மலை உச்சியில் தீபம். நடக்க முடிந்த நோயாளிகளைச் சிஸ்டர் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனார். “பத்து நிமிஷம் மாறா, பாத்துக்கோ.” எனக்கு அதிலெல்லாம் ஆர்வம் இல்லை, நான் இருக்கிறேன் என்றேன். வார்டில் ஆதிமூலமும், கடைசிக் கட்டிலில் இரண்டு கண்ணிலும் கட்டுப் போட்ட வேடியப்பன் என்பவரும் மட்டும் இருந்தார்கள். நான் வாசலருகே ஸ்டூலில் இருந்தேன்.

ஆறேகாலுக்குச் சிஸ்டர் இறங்கி வந்தார். கையில் விபூதி வைத்திருந்தார். ஒன்பதாம் கட்டிலுக்குப் பக்கத்தில் போனதும் அது கீழே விழுந்தது. துணியெல்லாம் ரத்தம், தரையிலும் கொஞ்சம். கை சில்லிட்டிருந்தது, மூச்சு இல்லை. ராமகிருஷ்ணன் சார் கேட்டதற்கு, மணிச் சத்தம் எதுவும் எனக்குக் கேட்கவில்லை என்று சொன்னேன். வேடியப்பனும் அதையே சொன்னார். கண் இல்லாதவனுக்குக் காது கூர்மையாக இருக்கும், அவனுக்கே கேட்கவில்லை என்று சார் முடித்துவிட்டார்.

இறந்தவர்களுக்கும் படிவம் உண்டு. உறவினர் பதில் சொல்ல வேண்டும். தொட்டி ஓரத்தில் வைத்தே எழுதினேன். மூன்றாவது கேள்வியை நான் படித்ததும் வெள்ளையம்மாள் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“அவரு அடிக்கவே இல்ல தம்பி. அடிச்சிருந்தா எனக்குக் கேட்டிருக்குமே. ரெண்டு நாளா இங்கயேதான காதத் தீட்டிக்கினு உக்காந்திருக்கேன். நிம்மதியாத்தான் போயிருக்காரு.”

அப்படியே எழுதினேன். கைநாட்டு வாங்கினேன்.

பிறகு அவர் ஒன்று கேட்டார். கடைசியாகக் கணவர் கையில் இருந்த அந்த மணியைக் கொடுத்தால் வீட்டில் பூஜைக்கு வைத்துக்கொள்வேன் என்றார். ராமகிருஷ்ணன் சாருக்கு மனம் இளகிவிட்டது. “எடுத்துட்டுப் போங்கம்மா” என்று தானே எடுத்துக் கொடுத்தார். அந்த அம்மா கண்ணில் ஒற்றிக்கொண்டு முந்தானையில் முடிந்துகொண்டார். வேறு மணியை மாற்றிக் கொடுக்க எனக்கு ஒரு நிமிடம் போதும். செய்யவில்லை. ஏன் என்று நீங்கள் மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். வேறு கட்டிலிலிருந்து மணி எடுத்தால் யாராவது ஏன் என்று கேட்டிருப்பார்கள், அவ்வளவுதான்.

பதினாறாம் நாள் காரியத்தன்று, அந்த அம்மா படத்துக்கு முன்னால் கற்பூரம் காட்டி மணியை ஆட்டியிருக்கிறார். சத்தம் வரவில்லை. அப்போதுதான் ஒருவர் நந்தியைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்திருக்கிறார். அந்த அம்மா வெள்ளைப் புடவையோடு நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தார். கத்தவில்லை. வார்டு நடுவில் என் முகத்துக்கு நேராக மணியைப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருந்தார். பழக்கத்தில், “காது மந்தமா இருக்கும்மா” என்று வாயில் வந்துவிட்டது.

நாக்குகள் என் அறையில் ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருந்தன. உங்கள் கான்ஸ்டபிள் எடுத்துவிட்டார்.

எல்லாம் எழுதியாகிவிட்டது. நீங்கள் பென்சிலால் கோடு போட்ட ஒரு கேள்விதான் பாக்கி. அந்த அரை மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்து என்ன செய்துகொண்டிருந்தாய் என்பது.

பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்து மணிக்கே பை கெட்டிச் சிவப்பாகியிருந்தது. ஐந்தரைக்கு டியூப்பில் வருவது நின்றுவிட்டது. சிஸ்டர் மாடிக்குப் போனபோது எனக்கு அது தெரியும். ஆதிமூலம் முதலில் என்னைப் பார்த்துத்தான் மணியை ஆட்டினார். நான் அசையவில்லை என்றதும் வாயைத் திறந்தார், காற்றுத்தான் வந்தது. அப்போது ஊர் முழுவதும் அரோகரா என்று ஒரே சத்தம். ஜன்னலுக்கு வெளியே அந்த அம்மா எழுந்து நின்று மலையைப் பார்த்துக் கைகளைத் தூக்கினார். கொசுவலைக்குப் பின்னால் அவர் தலையின் பின்பக்கமும் இரண்டு கைகளும் தெரிந்தன. வீட்டுக்குப் போய்விட்டார் என்று நான் சொன்ன ஆள் அங்கேயே இருக்கிறார் என்பது ஆதிமூலத்துக்கு அப்போதுதான் தெரிந்தது. என் பக்கம் திரும்பவே இல்லை. கையை ஜன்னல் பக்கம் நீட்டி ஆட்ட ஆரம்பித்தார்.

“ஏத்திட்டாங்களா தம்பி?” என்று கண் கட்டிய வேடியப்பன் கேட்டார்.

“ஏத்திட்டாங்க” என்றேன்.

அந்த அம்மா திரும்பாமலே, மலையைப் பார்த்தபடி உள்ளே குரல் கொடுத்தார். “ஏய்யா, தீபம் தெரியுதா?”

யாராவது பதில் சொல்ல வேண்டும். “தெரியுதும்மா. கும்பிடறாரு” என்று நான் சொன்னேன்.

அவர்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. வார்டு சிரித்ததை நான் அன்றே மறந்துவிட்டேன். சும்மா உட்கார்ந்திருப்பவன் எதையாவது எண்ணுவான், அப்படித்தான் அவர் மணியை ஆட்டியதை எண்ணினேன். அறுபது வரும் என்று நினைத்தேன். நாற்பத்து மூன்றில் நின்றுவிட்டது.